பாதியில் அணையக் கூடாத மெழுகுவர்த்தி

அற்புதசாமி ஏற்கெனவே ஒரு தடவை ஆஸ்பத்திரியிலிருந்து ஓடியவன். பித்தப்பையில் கல், எடுத்தே ஆக வேண்டும் என்று புத்தூரில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அன்று சாயங்காலமே ஆளைக் காணவில்லை. தேடிப் போன நண்பன் ஹரிபிரசாத் அவனை முக்கொம்பில் கண்டுபிடித்தான். அற்புதசாமி பூங்கா வாசலில், கையில் ஒரு தட்டு மீன் வறுவலோடு, ஆற்றைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தான்.

"அந்தோணியாருக்கு ஏத்தின மெழுகுவர்த்தி காத்துல பாதியிலயே அணைஞ்சிடுச்சுய்யா. அதுக்கு மேல எந்த தைரியத்துல படுக்கச் சொல்ற?" என்றான்.

அன்று தின்ற மீன் அடுத்த வாரமே அவனைப் பொன்மலை ரயில்வே பணிமனைத் தரையில் சுருட்டிப் போட்டது. ஒரே பிரிவில் இத்தனை வருடமாகப் பக்கத்தில் நின்று வேலை பார்க்கிற ஹரிபிரசாத்தான் தூக்கிக்கொண்டு ஓடினான். இனியும் தள்ளிப்போட்டால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

இப்போது மறுபடி சேர்த்தாயிற்று. மறுநாள் காலையில் ஆபரேஷன். அற்புதசாமியின் மனைவி அறைக் கதவுக்குக் குறுக்கே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். பணிமனையிலிருந்து நேராக வந்த ஹரிபிரசாத்தின் கையை அற்புதசாமி பிடித்துக்கொண்டான்.

"அய்யங்காரே, நான் வெளியில போக முடியாது. இவ இந்த நாற்காலிய விட்டு எழுந்திருக்க மாட்டா. ரயில்வே காலனிக்குப் பின்னாடி அந்தோணியார் கோயில்ல எனக்காக நீ ஒரு வர்த்தி ஏத்து. கடைசி வரைக்கும் எரியணும். அப்பதான் ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடுவேன். பாதியில அணைஞ்சா நான் இங்க இல்ல."

"ஜன்னல் வழியா குதிச்சிடுவாருங்க, ரெண்டாவது மாடின்னுகூடப் பாக்க மாட்டாரு" என்றாள் அவள்.

ஹரிபிரசாத்திடம் ஒன்றைக் கேட்டுவிட்டு, போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தால் பதில் தயாராக இருக்கும் என்று பணிமனையில் சொல்வார்கள். தலையை ஆட்டிவிட்டுப் படியிறங்கினான்.

அவன் ஸ்ரீரங்கத்துக்காரன். விளக்கு விஷயத்தில் தனக்குத் தெரியாதது இல்லை என்று நினைத்திருந்தான். அவன் வீட்டில் விளக்கை யாரும் வாயால் ஊத மாட்டார்கள். பூக்காம்பால் திரியை மெல்ல எண்ணெய்க்குள் இழுத்துவிடுவார்கள். அதையும் அணைப்பது என்று சொல்வதில்லை, மலையேற்றுவது என்பார்கள். விஷயத்தை ஃபோனில் கேட்ட மனைவி வகுளா, "மெழுகோ என்னவோ, விளக்குன்னா நெய் வேண்டாமோ? போற வழியில வாங்கிண்டு போங்கோ" என்றாள்.

வாங்கிக்கொண்டு போனான்.

அந்தோணியாருக்கு உகந்த செவ்வாய்க்கிழமையாதலால் கோயிலில் நல்ல கூட்டம். மணல் பரப்பிய இரும்புத் தொட்டியில் ஒல்லி ஒல்லியாக மெழுகுவர்த்திகள் எரிந்துகொண்டிருந்தன. பெரிய காரியத்துக்குப் பெரிய வர்த்தி என்று ஹரிபிரசாத் கடையிலேயே தடியானதாகப் பார்த்து வாங்கியிருந்தான். கிழக்கு எது என்று விசாரித்து அந்தப் பக்கமாக நட்டான். ஏற்றினான். நெய் பாக்கெட்டைப் பல்லால் கடித்துத் திரியின் மேல் ஊற்றினான். வர்த்தி படபடவென்று பொரிந்தது. சுடர் ஒரு கடுகளவுக்குச் சுருங்கி, அவன் மூச்சை நிறுத்திக்கொண்டு பார்த்திருக்க, மனமிரங்கி மறுபடி நிமிர்ந்தது. அதன் பிறகு தொட்டியை வலம் வரத் தொடங்கினான்.

விளக்குமாறும் கையுமாக ஒரு பெண் வந்து வழிமறித்தாள். கோயிலைப் பெருக்கி, தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் சகாயராணி.

"என்ன சார் பண்றீங்க?"

"பிரதட்சிணம்."

"கொஞ்சம் திரும்பிப் பாருங்க."

திரும்பினான். அதுதான் இங்கே வழக்கம் என்று நினைத்து ஒரு குடும்பமே குழந்தை குட்டிகளோடு அவன் பின்னால் சுற்றிக்கொண்டிருந்தது.

"இப்படிச் சுத்திக்கிட்டே இருந்தா நான் எங்க பெருக்கறது? ஏத்தினீங்களா, வேண்டிக்கிட்டீங்களா, கிளம்புங்க."

அவன் கிளம்பவில்லை. சுவர் ஓரமாக உட்கார்ந்தான். கூட்டம் வந்தது, போனது. மற்ற வர்த்திகள் உருகிச் சரிந்தன. அவனுடையது மட்டும் அவசரமே இல்லாமல் எரிந்தது. இப்படி ஒன்றும் செய்யாமல் ஒரு சுடரைப் பார்த்துக்கொண்டிருப்பது அவனுக்குப் பிடித்திருந்தது. யாரும் எதையும் கேட்கவில்லை.

கோயில் மூடும் நேரத்துக்குச் சகாயராணி ஒரு தகர மூடியோடு வந்தாள். எரிகிற வர்த்திகளை மூடியால் கவிழ்த்து அணைத்து, துண்டுகளை வாளியில் போட்டுக்கொண்டே வந்தாள். ஹரிபிரசாத் துள்ளி எழுந்தான்.

"என்னம்மா பண்றீங்க?"

"பூட்ட வேணாமா? எரியவிட்டுட்டுப் போனா தீப்பிடிக்கும் சார்."

"இது முழுசா எரியணும்."

"இந்தத் தடிமனுக்கு இது விடிஞ்சாலும் முடியாது. எதுக்கு இவ்ளோ பெருசா வாங்கினீங்க?"

அவன் வர்த்திக்கும் மூடிக்கும் நடுவில் வந்து நின்றான். அவள் மூடியோடு காத்திருந்தாள். கடைசியில், "இதை எதுக்கு ஏத்தறோம்?" என்று கேட்டான்.

"இதென்ன கேள்வி. வேண்டிக்கிட்டு நாம வீட்டுக்குப் போயிடுவோம், சோறாக்கணும், பிள்ளைங்களப் பாக்கணும். நமக்குப் பதிலா இது கொஞ்ச நேரம் இங்க நின்னு கேக்கும். அதுக்குத்தான்."

"அப்போ பாதியில மூடினா, பேசிண்டிருக்கிறவன் வாயைப் பொத்தின மாதிரி ஆகாதோ?"

"நீங்க பேசின பேச்சுக்கு இது எவ்வளவோ கூடப் பேசிடுச்சு சார்." அவள் சிரித்துவிட்டாள். "அவ்வளவு பிரியமா இருந்தா கையோட எடுத்துக்கிட்டுப் போங்க."

கிண்டலாகத்தான் சொன்னாள். அவன் உடனே பையிலிருந்து சாப்பாட்டுத் தூக்கை எடுத்துவிட்டான். காலையில் தயிர்சாதம் வந்த தூக்கு. சகாயராணி அவனையும் தூக்கையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம் தலையில் அடித்துக்கொண்டு, தானே அதில் மணலை அள்ளிப் போட்டு, சுடர் அசையாமல் வர்த்தியைப் பெயர்த்து நட்டுக் கொடுத்தாள்.

ஆட்டோக்காரர் நஸ்ருல்லா முதலில் ஏற்ற மறுத்தார். "வண்டியில கேஸ் இருக்கு சார், தெரியும்ல?" காரணத்தைக் கேட்டதும் கொஞ்சம் யோசித்தார். இரண்டு பக்கப் படுதாக்களையும் இறக்கிவிட்டார். "தர்காவுக்கு நாங்களும் விளக்கு கொண்டு போவோம். ஆனா ஏத்தாம கொண்டு போவோம். மடியிலயே வச்சுக்குங்க."

ஜி கார்னரில் சைக்கிள்கள் அவர்களை முந்திப் போயின. ஹெட் போஸ்ட் ஆபீஸ் சிக்னலில் பின்னால் நின்ற பஸ் ஹாரனை அழுத்தியது. நஸ்ருல்லா தலையை வெளியே நீட்டி, "உள்ள சாமி இருக்குங்க, மெதுவாத்தான் போகும்" என்று பொறுமையாகச் சொன்னார். ஹரிபிரசாத் தூக்கின் மேல் கவிழ்ந்து, சூடு முகத்தில் அடிக்க, சாலையின் ஒவ்வொரு பள்ளத்தையும் முதுகால் வாங்கிக்கொண்டான். முன்மயிர் கொஞ்சம் கருகியது. சுடர் அணையவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் செக்யூரிட்டி சின்னையன் கையை நீட்டித் தடுத்தார். "உள்ள ஆக்சிஜன் போகுதுங்க. நெருப்பு கூடாது. அணைச்சிட்டுப் போங்க."

ஹரிபிரசாத்துக்கு அது நியாயமாகவே பட்டது. உள்ளே போகவில்லை. மதில் சுவர் ஓரம், நிறுத்தியிருந்த பைக்குகளுக்கு அந்தப் பக்கம், தூக்கை வைத்து உட்கார்ந்தான். அற்புதசாமிக்கு ஃபோன் செய்து, "கீழே இருக்கேன். எரியறது" என்றான்.

அற்புதசாமி இறங்கி வந்தான். அவன் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்தபடி மனைவியும் வந்தாள். தூக்கையும் கருகிய முன்மயிரையும் பார்த்து அவன் சிரிக்கத் தொடங்கினான். சிரித்ததில் வயிற்றைப் பிடித்துக்கொண்டான்.

"யோவ், ஒரு வர்த்தி ஏத்தச் சொன்னா தேரையே இழுத்துட்டு வந்திருக்க."

"முடியல. நிறைய இருக்கு."

"முடியட்டும். நானும் உக்காந்துக்கிறேன்." சுவரில் சாய்ந்து வசதியாக உட்கார்ந்தான். வர்த்தி முடிகிறவரை டாக்டரிடம் போக வேண்டியதில்லை என்ற நிம்மதி முகத்தில் நன்றாகவே தெரிந்தது. மனைவிக்கும் தெரிந்தது. சட்டையை விடவில்லை.

அப்போது ஃப்ளாஸ்கோடு போன ஒரு பெண் நின்று பார்த்தாள். செருப்பைக் கழற்றி, தலையிலிருந்து ஒரு துண்டு மல்லிகையைக் கிள்ளித் தூக்கின் முன்னால் வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள். அடுத்து வந்தவர் அதைப் பார்த்துவிட்டுக் கும்பிட்டார். எதிர்ப் பெட்டிக்கடையில் கரண்ட் போனால் விற்பதற்கு வைத்திருந்த மெழுகுவர்த்திகள் வெளியே வந்தன. மெஹ்ரீன் என்ற பெண், "அண்ணே, தங்கச்சிக்குப் பிரசவம், இதுலேர்ந்து பத்த வச்சுக்கலாமா?" என்று கேட்டுப் பற்றவைத்தாள். சின்னையன் விரட்ட வந்தவர், வரிசையைப் பார்த்துத் தயங்கி, தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "எம் பொண்ணு பரீட்சை எழுதுது சார். அதுக்கும் சேத்து எரியும்ல?" என்றார்.

கடைசியாக இருசம்மாள் என்ற வயதான பெண்மணி கையில் ஒல்லி வர்த்தியோடு வந்து, சிரமப்பட்டுக் குனிந்தாள்.

"இந்தப் பெரிய வர்த்தி யாருக்குப்பா?"

"எனக்குத்தாங்க" என்றான் அற்புதசாமி.

அவள் அவனை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். "நீதான் குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கியே. எங்க வீட்டுக்காரரு ஐசியூல கண்ணு முழிக்காம கிடக்காரு. கொஞ்சம் தள்ளு சாமி, காத்து அடிக்குது, நான் மறைச்சு ஏத்தணும்."

அற்புதசாமி தள்ளினான். அவள் கிழித்த மூன்று குச்சிகள் காற்றில் வீணாயின. ஹரிபிரசாத் வர்த்தியை வாங்கித் தன் சுடரில் காட்டி நட்டுக் கொடுத்தான். அற்புதசாமி அந்த ஒல்லிச் சுடரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அற்புதசாமி எழுந்து வேட்டியைத் தட்டினான். "வா, போய்க் கையெழுத்துப் போடுவோம்."

மனைவி நம்பவில்லை. "வர்த்தி இன்னும் முடியலையே."

"அது அது வேலையைப் பாத்துக்கும். என் இடம் மேலதானே? இங்க உக்காந்து இடத்தை அடைச்சுக்கிட்டு என்ன பண்ண?" பிறகு ஹரிபிரசாத்திடம், "நீ வீட்டுக்குப் போய்யா, வகுளா என்னைத் திட்டும்" என்றான். சின்னையனைத் தாண்டி, லிஃப்டுக்குக்கூடக் காத்திருக்காமல் படியேறினான். அவள் இப்போதுதான் சட்டையை விட்டாள்.

ஹரிபிரசாத் எழுந்தான். இருசம்மாள் மருந்துச் சீட்டைக் காட்டினாள். "தம்பி, உள்ள மருந்து வாங்கிட்டு வந்துடறேன். காத்துல அணைஞ்சிடாம பாத்துக்கிறியா?" மெஹ்ரீனும் கிளம்பும்போது அதையே கேட்டாள். அவன் மறுபடி உட்கார்ந்தான். காற்று வரும் பக்கமாகப் பையை நிறுத்தினான். அது போதாமல் இரண்டு கைகளையும் குவித்தான். ஒல்லி வர்த்திகள் அடிக்கடி சாய்ந்தன, நிமிர்த்திக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது.

பக்கத்திலிருந்த தூக்கைத் திரும்பிப் பார்த்தபோது உள்ளே வெறும் மெழுகுக் குட்டைதான் கிடந்தது. அவன் அள்ளி ஊற்றிய நெய்யோ, ஆட்டோ குலுக்கலோ, ஒரு பக்கமாகவே உருகி ஓடியிருந்தது. எப்போது முடிந்தது என்று அவனுக்குத் தெரியவில்லை.

ஃபோன் அடித்தது. வகுளா.

"எங்கே இருக்கேள்? இவ்வளவு நாழியா என்ன பண்றேள்?"

"ஆஸ்பத்திரி வாசல்ல. அற்புதம் கையெழுத்துப் போடப் போயாச்சு. ஒரு அம்மா மருந்து வாங்கப் போயிருக்கா, அவாளோட வர்த்தி பாதிதான் எரிஞ்சிருக்கு. இன்னொரு பொண்ணோட தங்கைக்குப் பிரசவம். செக்யூரிட்டியோட பொண்ணு வேற பரீட்சை எழுதறா. எல்லாம் முடிஞ்சதும் வரேன். நீ சாப்டுடு."

"இவ்வளவும் பேசினது நீங்கதானா?" என்று கேட்டாள் வகுளா.