கோணல் காசு

பல் டாக்டரிடம் ஸ்பெயின் நாட்டுப் பழைய தங்கக் காசு ஒன்று இருந்தது. முந்நூறு வருடங்களுக்கு முன்பு சுத்தியலால் அடித்தது. ஓரமெல்லாம் கோணல். அந்தக் கோணல்தான் அதன் அழகு என்று, வாயைத் திறந்தபடி படுத்திருக்கும் நோயாளிகளிடம் சொல்வார். யாரும் மறுத்ததில்லை.

நாணயச் சங்கத்தில் வருடத்துக்கு ஒருமுறை காசுகளைப் பார்வைக்கு வைப்பார்கள். சிறந்த காசு யாருடையதோ அவர்தான் தலைவர். பல வருடங்களாக வக்கீல்தான். இந்த முறை நாற்காலி தனக்கே என்று டாக்டர் புதுச் சட்டை தைத்திருந்தார்.

காசைப் பதித்து வைக்க வெள்ளிச் சட்டம் வேண்டும். நகைப்பட்டறை வைத்திருக்கும் தன் தம்பியிடம் மனைவி காசைக் கொடுத்தனுப்பினாள். கூட்டத்தன்று காலை அவன் கொண்டுவந்தான். காசு சட்டத்துக்குள் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. வட்டமாக.

"என்னடா பண்ணின?"

"ஓரம் கன்னாபின்னான்னு இருந்துச்சு மாமா. அராவி விட்டுட்டேன். அராவின பொடி பொட்டலத்துல இருக்கு, ஒரு துளி குறையாது."

"இப்பதான் நாலு பேர் பார்க்கிற மாதிரி இருக்கு," என்றாள் மனைவி.

அழைப்பிதழில் காசின் பெயர் அச்சாகிவிட்டது. டாக்டர் புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனார்.

வக்கீல் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார்.

"டாக்டர், உங்க தலையில எவனோ மிளகாய் அரைச்சிருக்கான். அந்தக் காலத்துக் காசு இவ்வளவு வட்டமா இருக்காது. போலி."

போலி என்றால் ஏமாந்தவர். அசல் என்றால் அதை மச்சினனின் அரத்துக்குக் கொடுத்தவர். ஏமாந்தவர்கள் அந்த அறையில் நிறையப் பேர் உண்டு. மற்றதில் அவர் ஒருவர்தான்.

"போலிதான்," என்றார் டாக்டர். "உங்க கண்ணைச் சோதிச்சுப் பார்க்கலாம்னு கொண்டுவந்தேன்."

கை தட்டினார்கள். வக்கீலின் கண்ணுக்கு ஒருமுறை. அவர் மறுபடி தலைவரானதற்கு ஒருமுறை.

"அப்ப இது சங்கத்துலயே இருக்கட்டும்," என்றார் வக்கீல். மேசைக்கடியிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்தார். "போலிங்களை இதுலதான் போட்டு வைக்கிறோம். புதுசா சேர்றவங்களுக்குக் காட்ட ஆகும். உங்களுக்கு ஆட்சேபணை இல்லையே?"

"எனக்கென்ன ஆட்சேபணை."

டாக்டர் சட்டத்திலிருந்து காசை நெம்பி எடுத்தார். பழகிய கை. தானே டப்பாவில் போட்டார். பித்தளைக் காசுகளின்மேல் அது விழுந்த சத்தம் வேறாக இருந்தது. சத்தத்தை வைத்தே அசலைச் சொல்லிவிடுகிறவர்கள் முப்பது பேர் அறையில் இருந்தார்கள்.

டீ வந்திருந்தது. எழுந்து போனார்கள்.