அளவு வளையல்

அமிர்தம் ஒரு காரியத்தைக் கையில் எடுத்தால் யாரும் குறுக்கே வரக் கூடாது. தம்பி மணிமாறனுக்குச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை பிடித்துக் கொடுத்ததும் அவள்தான், பெண் பார்த்ததும் அவள்தான். அவன் மனைவி மலர்விழிக்கு முதல் கரு கலைந்து, மறுபடி உண்டானபோதும் அவள் சட்டம்தான்.

"மூணு மாசம் முடியற வரிக்கும் நர்சம்மாகிட்டகூட சொல்லாத. கண்ணு பட்டுடும்."

முதல் மாதங்களிலேயே போட வேண்டிய ஃபோலிக் ஆசிட் சத்து மாத்திரை அப்படித்தான் மலர்விழிக்குக் கிடைக்காமல் போயிற்று. அமிர்தத்துக்கோ பெரிய காவல் காத்துவிட்ட நிம்மதி.

ஏழாம் மாதம் வளைகாப்பு. மலர்விழியின் பழைய வளையலை அளவு காட்டிப் பண்ருட்டியில் டஜன் கணக்கில் வாங்கி, ஊருக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது. வளைகாப்புக்கு முந்தின நாள் நர்ஸ் இசைப்பிரியா வீட்டுக்கு வந்து மலர்விழிக்கு ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு, அமிர்தத்தை வாசலுக்கு அழைத்தாள்.

"பிரஷர் ரொம்ப ஏறியிருக்குங்க. இன்னைக்கே அட்மிட் பண்ணணும்."

"சாயந்தரம் கூட்டிகினு வந்துடறோம்ங்க."

உள்ளே வந்து தம்பியிடம், "உப்பைக் கொறைக்கச் சொல்றாங்கடா" என்றாள். நாள் குறித்த சுபகாரியத்தை யாராவது தள்ளிப்போடுவார்களா? ஒரே ஒரு நாள்தானே.

மறுநாள் வளையல் மலர்விழியின் கையில் ஏறவில்லை. சோப்புத் தண்ணீர் தடவி ஏற்றினார்கள். "வாயும் வயிறுமா பூரிச்சுப் போயிருக்கா" என்று பெண்கள் கேலி செய்தார்கள். அமிர்தமும் சேர்ந்து சிரித்தாள். வந்தவர்கள் எல்லாருக்கும் வளையல் போட்டு, தானும் ஒரு டஜன் போட்டுக்கொண்டாள்.

"அண்ணி, தல வெடிக்கற மாதிரி இருக்கு. கண்ணு மங்கலா தெரியுது."

"ஒரே எடத்துல உக்காந்துகினு இருக்க இல்ல, அதான். ஆரத்தி முடிஞ்சதும் படுத்துக்க."

ஆரத்தித் தட்டு வருவதற்குள் மலர்விழிக்கு வலிப்பு வந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் ஊசி ஏற்ற வழியில்லாமல், வீங்கிய கையில் இறுகிக் கிடந்த வளையல்களை உடைத்தார்கள். அப்போதும் அமிர்தம், "பிள்ளை பொறக்கறதுக்கு முன்னாடி ஒடைக்கக் கூடாதுங்க" என்றாள். அந்தச் சொல்லை நினைக்கும்போதெல்லாம் இன்றும் அவளுக்கு உடம்பு கூசுகிறது.

மலர்விழி பிழைத்தாள். வயிற்றைக் கிழித்து எடுத்த பெண் குழந்தை மூச்சுக்குத் திணறித் திணறி ஓய்ந்துவிட்டது.

வீடு திரும்பிய பிறகு இசைப்பிரியா பார்க்க வந்தாள். அமிர்தம் தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"அந்த மாத்திரைய மொதல்லயே போட்டிருந்தா?"

"அதனால இது வந்திருக்காதுன்னு நான் சொல்ல மாட்டேங்க. ஆனா மொதல்லேர்ந்து மாசாமாசம் செக்கப்புக்கு வந்திருந்தா, பிரஷர் ஏறும்போதே பாத்திருப்போம். அன்னைக்கு சாயந்தரம்கூட நான் காத்துகினுதான் இருந்தேன்."

நர்ஸ் போனதும் கட்டிலிலிருந்து மலர்விழி கேட்டாள்.

"அன்னைக்கு அவங்க என்ன சொன்னாங்க அண்ணி?"

உப்பு என்று சொல்ல வாய் வந்தது. அமிர்தத்தால் முடியவில்லை.

"உடனே சேக்கச் சொன்னாங்க மலரு. நான்தான் வளைகாப்பு முடியட்டும்னு இருந்துட்டேன்."

மலர்விழி அழவில்லை. அமிர்தத்தின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வளைகாப்பு வளையல்கள் அதில் அப்படியே இருந்தன.

"உங்க கைக்கு சரியா இருக்கு அண்ணி" என்றாள்.

அமிர்தம் அவற்றைக் கழற்றினாள். ஒன்றுகூட மாட்டிக்கொள்ளாமல் எல்லாம் சுலபமாகக் கழன்று வந்தன.