ஒட்டுக்குக் கீழே முளைத்தது

வளன் தோகாவிலிருந்து கூப்பிட்டால் முதல் கேள்வி மரத்தைப் பற்றித்தான். மூன்று வருடத்துக்கு முன் லீவில் வந்தபோது, விருத்தாசலத்து வீட்டின் பின்புறம் ஒரு சாத்துக்குடி ஒட்டுக்கன்றை நட்டுவிட்டுப் போயிருந்தான். தண்ணீர் ஊற்றுவது, எரு வைப்பது, இலையைத் தின்னும் புழுக்களைப் பொறுக்குவது எல்லாம் மனைவி அனிஷாவின் தலையில்.

அவள் பீங்கான் கம்பெனியில் வேலை பார்த்தாள். பகலெல்லாம் பியூஸ் கட்டைகளுக்கு விளிம்பு தேய்த்துவிட்டு, முழங்கை வரை வெள்ளைத் தூசியோடு வீட்டுக்குள் நுழையும்போதே போன் அடிக்கும்.

"மரத்தக் காட்டு."

"இப்பத்தாங்க வூட்டுக்கு வரேன். மூஞ்சி கூட கழுவல."

"ஒரு நிமிசம் காட்டேன்."

பல்லைக் கடித்துக்கொண்டு காட்டுவாள்.

ஒரு கோடையில் நடுத்தண்டு வாடத் தொடங்கியது. ஒட்டுப் போட்ட இடத்துக்குக் கீழேயிருந்து மட்டும் ஒரு கிளை கிளம்பி மளமளவென்று வளர்ந்தது.

"இது வேற மாதிரி இருக்குதுங்க. எல்லாம் முள்ளு. வெட்டிடட்டுமா?"

"வெட்டிடாத! பச்சப்பசேல்னு வருது பாரு. நான் யூடியூப்ல பாத்துட்டுத்தான் சொல்றேன்."

சாத்துக்குடித் தண்டு பட்டுப்போனது. முள்கிளை மதிலுக்கு மேலே போனது. தண்ணீர் ஊற்றப் போய் அனிஷாவின் நைட்டிகள் கிழிந்ததுதான் மிச்சம்.

இந்த வருடம் காய்த்தது. லீவில் வந்த வளன் பெட்டியைக் கூடத் திறக்கவில்லை. மாமனார் ஆசீர்வாதத்தை வரவழைத்து, பெரிய பழமாகப் பறித்து நறுக்கி நீட்டினான். தடித்த தோல், உள்ளே முழுக்கக் கொட்டை. ஒரு சுளையை வாயில் போட்ட ஆசீர்வாதம் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"இதுக்கு எலுமிச்சயே தேவல, மாப்ள."

வளனும் கடித்தான். முகம் கோணியது. மனைவி பக்கம் திரும்பினான்.

"நீ சரியா தண்ணி வுட்டிருக்க மாட்ட."

அனிஷா கையிலிருந்த தட்டைத் தரையில் வைத்தாள். "தண்ணியா? கொடம் கொடமா ஊத்துனேன். வெட்டட்டுமான்னு கேட்டப்ப வேணாம்னது யாரு? அங்க ஒக்காந்துக்கிட்டு போன்ல தெரியுற பச்சைய வெச்சே வெவசாயம் பண்ணுனீங்க. முள்ளு குத்துனது எனக்கு. இப்ப புளிப்புக்கும் நான்தான் காரணமா?"

ஆசீர்வாதம் சத்தமில்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மறுநாள் வளன் நர்சரிக்குப் போய் விசாரித்தான். வேருக்கு வைத்த காட்டு எலுமிச்சைதான் முளைத்து, மேலே ஒட்டிய சாத்துக்குடியைக் கொன்றுவிட்டது என்றார்கள். திரும்பி வந்தவன் பழங்களையெல்லாம் பறித்து அனிஷாவிடம் கொடுத்துவிட்டு, மரத்தை வெட்டிச் சாய்த்தான். அப்புறம் பைக்கிலிருந்து இன்னொரு ஒட்டுக்கன்றை இறக்கினான்.

"மறுபடியுமா?" அனிஷாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

"இந்த ஒரு தடவ மட்டும்."

அவள் குனிந்து கன்றின் ஒட்டைத் தேடி, அதில் விரலை வைத்தாள். "இதுக்குக் கீழ எது மொளச்சாலும் வெட்டிடுவேன். உங்கள கேக்க மாட்டேன்."

"சரி. கேக்காத."

அவன் மண்வெட்டியோடு போனான். அவள் குவிந்து கிடந்த புளிப்புப் பழங்களை ஊறுகாய்க்கு நறுக்க உட்கார்ந்தாள். கோபம் இன்னும் ஆறவில்லை.

"நல்லா ஆழமா தோண்டுங்க!" என்று உள்ளேயிருந்தே சத்தம் போட்டாள்.