ஜூலையில் மழை பெய்யாது

கிள்ளானில் அந்தப் பெரிய கால்வாயைப் பற்றித் தனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று சபாபதி மண்டோர் சொல்லிக்கொள்வார். மற்றவர்கள் சொன்னார்களா என்பது வேறு விஷயம். வடிகால் இலாகாவில் கூலியாட்களை மேய்க்கும் மண்டோராக இருபத்தாறு வருடம் ஆகாயத்தாமரையோடு மல்லுக்கட்டிய மனிதர். அதன் ஊதாப் பூவைப் பார்த்து யாராவது அழகு என்றுவிட்டால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவருடைய முறை எளிமையானது. அக்டோபர் மழைக்கு முன்னால் கால்வாய் சுத்தமாக வேண்டும். அதற்காக ஜூன், ஜூலை வெயிலில் செடியை இழுத்துக் கரையிலேயே குவித்துவிடுவார். நன்றாகக் காய்ந்ததும் கொளுத்திவிடலாம், லோரி கேட்டு ஆபீசில் பல்லைக் காட்ட வேண்டியதில்லை. அத்தனை வருடமும் அந்த முறை அவரைக் கைவிட்டதில்லை. வினையே அங்குதான் இருந்தது.

ஏனென்றால் கொஞ்ச காலமாகப் பருவம் தாறுமாறாகிக் கொண்டிருந்தது. வெயில் காய்ந்தால் மாதக்கணக்கில் காய்ந்தது. முன்பு ஒரு மாதத்தில் பரவிய செடி இப்போது பதினைந்தே நாளில் கரைக்குக் கரை மூடியது. மழையும் நினைத்தபோது கொட்டியது. இதை முதலில் கவனித்துச் சொன்னவள் அவரிடம் நாள்கூலிக்கு வேலை செய்த வீரம்மா. நாற்பது வயது. கால்வாய் சாலைக்கு அடியில் குழாய்க்குள் நுழைகிற இடத்தில், தாழ்வான கம்பத்துக் குடியிருப்பில் அவள் வீடு.

"அண்ணே, இத இங்க குவிக்காதீங்க. லோரிய கூப்பிடுங்கலா. போன வருஷம் ஜூலைல பேஞ்சிச்சில்ல?"

"அது தூறல். ஜூலைல மழை பெய்யாது வீரம்மா. உனக்கு முன்னாடியே இந்தத் தண்ணியில நின்னவன் நான்."

"மழைக்கு யாரு சீனியர்னு தெரியுமாண்ணே?"

எல்லாரும் சிரித்தார்கள். சபாபதியும் சிரித்தார். லோரியை மட்டும் கூப்பிடவில்லை.

அது எண்பத்தெட்டாம் வருடம். ஜூலை கடைசி வெள்ளிக்கிழமை மத்தியானம் பிடித்த மழை மூன்று மணி நேரம் விடவில்லை. கரையில் ஆள் உயரத்துக்குக் கிடந்த குவியல்கள் சரிந்து தண்ணீருக்குள் போய்க் குழாயை அடைத்துக்கொண்டன. கம்பத்து வீடுகளில் இடுப்பளவு தண்ணீர். சபாபதியும் வீரம்மாவும் மற்றவர்களும் கொக்கியோடு இறங்கி, பொழுது சாய்வதற்குள் அடைப்பை எடுத்துவிட்டார்கள். உயிர்ச்சேதம் இல்லை.

ஆனால் வீரம்மாவின் கட்டிலுக்கடியில் ஒரு பிஸ்கட் டின் இருந்தது. அதற்குள் அவள் இந்த மண்ணில் பிறந்ததாகத் ரப்பர் தோட்டத்தில் கணக்கு பார்த்த கிராணி எழுதிக் கொடுத்த கடிதம். குடியுரிமை இல்லாதவர்களின் அடையாள அட்டையான சிவப்பு ஐசியோடு இத்தனை காலம் ஓட்டியவளுக்கு, குடிமக்களின் நீல ஐசிக்கான நேர்காணல் அடுத்த மாதம். அது கிடைத்தால்தான் இலாகாவில் நிரந்தர வேலை. தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றாகிவிட்டது, கிராணியும் செத்துப்போனார். டின்னைத் திறந்தபோது உள்ளே இருந்தது கூழ்.

மறுநாள் சபாபதி ரிப்போர்ட் எழுதினார். கால்வாயில் அடைப்பு இல்லை, வெள்ளம் இல்லை. ஓய்வு பெற நான்கு மாதம்தான் இருந்தது. இதை யார் படிக்கப்போகிறார்கள் என்று கையெழுத்தும் போட்டார்.

ஆகஸ்டில் வீரம்மா அவரைத் தேடி வந்தாள். "ஐசி ஆபீசுல, கடிதம் வெள்ளத்துல போச்சுன்னா, வெள்ளம் வந்துச்சுன்னு உங்க இலாகா கடிதம் கொண்டாங்கறாங்கண்ணே. ஒரு வரி போதுமாம். நீங்க கூட வந்தா நல்லாருக்கும்."

வர மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? போனார். இலாகா ஆபீஸ் கிளார்க் ராதாகிருஷ்ணன் கோப்பைப் புரட்டி, நெற்றியைச் சுருக்கினார்.

"அன்னைக்கு வெள்ளமே வரலன்னு இருக்கே. மண்டோர்தான் சைன் பண்ணியிருக்காரு." பிறகு சபாபதியைப் பார்த்துக் குரலைத் தணித்தார். "தப்பா எழுதிட்டீங்கன்னா சொல்லுங்க அண்ணே, மாத்திரலாம். ஆனா என்கொயரி வரும்."

என்கொயரி வந்தால் குவியல் வெளியே வரும், லோரி கூப்பிடாதது வெளியே வரும். பென்ஷனுக்கு என்ன ஆகுமோ? பக்கத்தில் நின்றவள் அன்றைக்கு அவரோடு இடுப்புத் தண்ணீரில் நின்றவள் என்பது தெரிந்தும் சபாபதி சொன்னார்:

"நான் பாத்தப்ப தண்ணி இல்ல."

வீரம்மா அவரை ஒரு தடவை பார்த்தாள். சண்டை போடவில்லை. வெளியே வந்ததும், "வாங்கண்ணே, பஸ் வருது," என்றாள். அவள் திட்டித் தீர்த்திருந்தால் அவருக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

டிசம்பரில் மாலை போட்டு அவரை அனுப்பிவைத்தார்கள். பென்ஷன் ஒழுங்காக வந்தது. சோறுதான் ஒழுங்காக இறங்கவில்லை. அந்தக் கால்வாய்ப் பக்கமே போகாமல் சுற்றுவழியில் பாசாருக்குக் காய்கறி வாங்கப் போய்வந்தார்.

ஆறு வருடம் கழித்து, ஒரு ஜூலையில், அவராகவே கிளம்பிப் போனார். கரையில் லோரி நின்றது. இழுத்த செடியை ஒரு நாள்கூடக் கரையில் வைக்கக்கூடாது, எந்த மாதமானாலும் சரி என்று இப்போது சட்டம். தண்ணீருக்குள் நரைத்த தலையோடு வீரம்மா நின்றாள். இன்னும் நாள்கூலி. இன்னும் சிவப்பு ஐசி.

"அண்ணே, சௌக்கியமா?"

ஆறு வருடமாக மனப்பாடம் செய்து வைத்திருந்ததை அவர் சொன்னார். "அன்னைக்கு நான் உண்மையச் சொல்லியிருக்கலாம் வீரம்மா."

"ஆமாண்ணே," என்றாள் அவள். "சொல்லியிருக்கலாம்."

பிறகு கொக்கியை எடுத்துக்கொண்டு அடுத்த செடியை இழுக்கப் போனாள்.