இரண்டாம் பூட்டு

அவள் வேலைக்கு உலை வைத்தது அந்நியன் இல்லை, சொந்த அக்காவின் புருஷன்.

மருந்து மொத்த விற்பனைக் கம்பெனி ஒன்றில் அத்தான் பொது மேலாளர். அங்கே கம்ப்யூட்டர்களையும் நெட்வொர்க்கையும் பார்த்துக்கொண்டவள் அவள். பாஸ்வேர்டு போட்டபின் கைப்பேசிக்கு ஓர் எண் வரும். அதையும் போட்டால்தான் உள்ளே போகலாம். எல்லோருக்கும் இந்த இரண்டாம் பூட்டை மாட்டிவிட்டதால் ஆபீசில் அவளுக்குப் 'பூட்டம்மா' என்றே பேர்.

அத்தானுக்கு மட்டும் அது எரிச்சல்.

"தினம் இந்த நம்பரோட மல்லுக்கட்ட முடியல. என் கணக்குல எடுத்துடு."

"ஆபத்து அத்தான்."

"நான் சொல்றேன்ல?"

எடுத்தாள். அடுத்த மாதமே இணையத் திருடர்கள் அத்தானின் கணக்கு வழியாக நுழைந்து எல்லா மெஷினையும் முடக்கினார்கள். சரக்கு வண்டிகள் கிளம்ப முடியாமல் வரிசையாக நின்றன. முதலாளி முன்னால் அத்தான் கூசாமல் சொன்னார்: "எனக்கு இதெல்லாம் என்ன சார் தெரியும்? இவதான் அசட்டையா விட்டுட்டா."

அவள் நடந்ததைச் சொல்லிப் பார்த்தாள். "உன் தப்பை அவர் தலையில கட்டாதம்மா," என்றார் முதலாளி. அன்றைக்கே சீட்டுக் கிழிந்தது.

பிறகு ஒரு பாதுகாப்புச் சோதனை நிறுவனத்தில் சேர்ந்தாள். கம்பெனிகளின் அனுமதியோடு அவற்றுக்குள்ளேயே புகுந்து, எங்கே ஓட்டை என்று காட்டும் வேலை. ஒருநாள் அந்த மருந்துக் கம்பெனியே வாடிக்கையாளராக வந்தது. அவள் தன் மேலதிகாரியிடம் மறைக்கவில்லை. "அங்க எங்க அத்தான் இருக்கார். அவரைப் பார்த்தா எனக்கு வயிறு எரியும்."

அவர் மருந்துக் கம்பெனி முதலாளியிடம் கேட்டார். "அவளையே அனுப்புங்க. எங்க கம்பெனி ஓட்டையெல்லாம் அவளுக்குத்தான் தெரியும்," என்று பதில் வந்தது. அத்தானிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை.

ஊழியர்கள் எல்லோருக்கும் ஒரே பொய் மெயில் அனுப்பினாள். ஆனால் ஒவ்வொரு வார்த்தையையும் ஒரே ஆளை மனதில் வைத்துத்தான் எழுதினாள்: 'உயர் அதிகாரிகளுக்கு இனி கைப்பேசி எண் தேவையில்லை. விலக்கு வேண்டுவோர் இங்கே பாஸ்வேர்டைப் பதியவும்.' எழுதும்போது அவளுக்கு உள்ளூர இனித்தது.

மற்றவர்கள் சந்தேகப்பட்டு விட்டுவிட்டார்கள். ஒருவர் மட்டும் இரண்டு தடவை பாஸ்வேர்டு போட்டார், முதல் தடவை எழுத்துப் பிழையாகிவிட்டதால்.

முதலாளியும் அதிகாரிகளும் இருந்த கூட்ட அறைக்குள் அவள் நுழைந்ததும் அத்தானின் முகம் வெளுத்தது.

"ஒருத்தர் மாட்டினார்," என்றாள். "பேர் சொல்ற வழக்கம் எங்களுக்கு இல்ல சார்."

"என் கம்பெனி, நான் கேக்கறேன். யாரு?"

அவள் முதலாளியைப் பார்க்கவில்லை. "அத்தான், நீங்களே சொல்லிடுங்களேன்."

அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "நான்தான் சார்."

"அப்போ, அன்னைக்கும் பூட்டை எடுக்கச் சொன்னது நீங்கதானா?" என்றார் முதலாளி.

அத்தான் தலையைக் குனிந்துகொண்டார். அவள் அவசரப்படாமல், அந்தக் குனிந்த தலையை ஆசை தீரப் பார்த்தாள்.

அந்த வாரமே அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அக்கா அழுதுகொண்டே போன் செய்தாள்.

"குடும்பத்தைத் தெருவுல நிறுத்திட்டியேடி. இப்போ திருப்தியா?"

"ஆமா, திருப்திதான். ஒண்ணு கேக்கறேன், மழுப்பாம சொல்லு. பூட்டை எடுக்கச் சொன்னது அவர்தான்னு உனக்கு அப்பவே தெரியுமா?"

அக்காவின் அழுகை சட்டென்று நின்றது. "தெரியும்," என்றாள். "அவர் சொல்லாதேன்னார்."

அத்தானைப் பழிவாங்கியதும் எல்லாம் அடங்கிவிட்டது என்றுதான் நினைத்திருந்தாள். அடங்கவில்லை. இணைப்பைத் துண்டித்து, கூடப் பிறந்தவளின் எண்ணை அழித்தாள்.