ஐஸ் பெட்டியை நிறுத்தியவன்

1

இந்தக் கதை என்னுடையது இல்லை. ராயபுரத்தில் ஒரு டீக்கடையில் பொன்ராஜ் என்பவன் சொல்லிச் சொல்லிச் சிரித்ததை ஓசியில் காதில் வாங்கிக்கொண்டு வந்து, என் சொத்து மாதிரி எழுத உட்கார்ந்திருக்கிறேன். அவன் பேசியது தன் அக்கா புருஷன் குமாரவேலைப் பற்றி. "சாவு வூட்ல பொணப் பொட்டியவே ஆஃப் பண்ணிட்டாருப்பா எங்க மாமா!" என்று அவன் தொடங்கியதும் கடையே அவன் பக்கம் திரும்பியது. நானும் சிரித்தேன். நகைச்சுவைக் கதை, நாலு பக்கம், ஏதாவதொரு தீபாவளி மலர் போட்டுவிடும் என்று மனக்கணக்குப் போட்டேன்.

டீ கிளாஸை வைத்துவிட்டு அவன் போகிறபோக்கில் இன்னொன்றும் சொன்னான். "இப்ப டாக்டரம்மா அவுருக்கு ஆஸ்பெர்ஜர்னு, ஆட்டிசம் மாரி இன்னாவோ கீதுன்னு சொல்லிகீறாங்க." என் நகைச்சுவைக் கதை அங்கேயே நாசமாய்ப் போயிற்று.

2

தொடக்கம், முதல் முயற்சி: குமாரவேல் ஒரு விசித்திரமான மனிதன். அவன் கண்களின் ஆழத்தில்—

வேண்டாம். அவன் கண்களின் ஆழத்தில் என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாது. அவன்தான் யாரையும் நேராகப் பார்ப்பதில்லையே!

இரண்டாவது முயற்சி: எவ்வளவு பெரிய எண்ணைக் கொடுத்தாலும் குமாரவேல் மனத்துக்குள்ளேயே பெருக்கி—

இதுவும் வேண்டாம். இப்படி ஓர் ஆள் கதையில் வந்தால் அவன் மேதையாகத்தான் இருந்தாக வேண்டும் என்று எவனோ சட்டம் போட்டு வைத்திருக்கிறான். குமாரவேலுக்குக் கணக்கு சுத்தமாக வராது. பத்தாவதில் கோட்டை விட்டதே அதில்தான். காசிமேட்டில் ஓர் ஐஸ் ஃபேக்டரியில் மெஷின் பார்க்கிறான், அதுவும் சுமாராக. நாற்பதைத் தாண்டியாயிற்று. வீடு திருவொற்றியூரில். மனைவி நர்மதா, எண்ணூர்க் குப்பத்துப் பெண். அவள் இப்போது அந்த வீட்டில் இல்லை, அம்மா வீட்டில் இருக்கிறாள். அவள் திரும்பி வருவாளா என்பதுதான் கதை.

3

நர்மதாவின் அப்பா இறந்துபோனார். ஆயுசு முழுக்கக் கடலுக்குப் போன மனுஷன். குமாரவேலுக்கு அவர் என்றால் உயிர். காரணம் ரொம்பச் சின்னது: அவர் பேச மாட்டார், அவனையும் பேசச் சொல்ல மாட்டார். இருவரும் கரையில் உட்கார்ந்து அனல் மின் நிலையத்துப் புகையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பசித்தால் எழுந்து போய்ச் சாப்பிடுவார்கள். அவனுக்கு வாய்த்த சொந்தங்களிலேயே தொல்லை இல்லாத சொந்தம் அது ஒன்றுதான்.

துபாயிலிருந்து சின்ன மகன், பொன்ராஜின் தம்பி, வந்துசேர வேண்டும் என்பதற்காக வாடகைக்கு ஐஸ் பெட்டி எடுத்து வைத்தார்கள். பெட்டி உறுமியது. உறுமலுக்குள்ளே ஒரு டக், டக். ஒப்பாரியையும் மேளத்தையும் "எப்டி ஆச்சு, எப்டி ஆச்சு" என்கிற விசாரிப்பையும் தாண்டி அந்த டக் மட்டும் குமாரவேலின் மண்டைக்குள் ஆணி அடித்தது. ஃபேன் எங்கேயோ தட்டுகிறது, இப்படியே விட்டால் நின்றுவிடும், மாமா கெட்டுப்போய்விடுவார். அவன் நினைத்தது இவ்வளவுதான். எழுந்து போய் சுவிட்சை அணைத்தான். பெட்டிமேல் விழுந்து அழுதுகொண்டிருந்த நர்மதாவின் தோளைத் தட்டி, "கொஞ்சம் நவுரு மே. ஸ்குரு டிரைவர் எங்க கீது?" என்றான்.

(சிரித்தீர்களா? பரவாயில்லை. டீக்கடையும் சிரித்தது. இறந்தவரின் சொந்த மகன் பொன்ராஜே சிரிக்கும்போது உங்களுக்கென்ன வந்தது!)

மேதையாக இருந்திருந்தால் சரி செய்திருப்பான். இவன் கழற்றினான், மாட்டினான். பெட்டி அதற்குப் பிறகு ஓடவே இல்லை. வாடகைக்குக் கொடுத்தவர் போனை எடுக்கவில்லை. கடைசியில் தன் ஃபேக்டரிக்கே ஓடிப்போய், மீனுக்குப் போடுகிற ஐஸ் பாரை ஆட்டோவில் ஏற்றி வந்து, உடைத்து, மாமனாரைச் சுற்றி அடுக்கினான். நேர்த்தியாகத்தான் அடுக்கினான், அதில் குப்பத்தில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை.

காரியம் முடிந்த அன்று நர்மதா சொன்னாள்: "எங்கப்பன வஞ்சிர மீனு மாரி அனுப்பி வெச்சிட்டியேயா! நீயெல்லாம் ஒரு மன்சனா? நான் வரல. நீ போ."

அவன் போய்விட்டான். போ என்றால் போவதுதானே என்று நினைத்தான்.

4

காதில்தான் ஏதோ கோளாறு, அதனால்தான் அந்தச் சத்தம் அப்படி அறைந்தது என்று முடிவு கட்டிக்கொண்டு அவன் ஆஸ்பத்திரிக்குப் போனான். காது டாக்டர், "காது நல்லா இருக்கு, தேவைக்கு மேலயே நல்லா இருக்கு" என்று வேறொரு டாக்டரம்மாவிடம் அனுப்பினார். அந்தம்மா பலமுறை வரவழைத்து, சின்ன வயசுக் கதையெல்லாம் கேட்டுவிட்டு ஆஸ்பெர்ஜர் என்றார்.*

"நோய் இல்லைங்க. பிறவியிலேயே உங்க மூளை வேற மாதிரி வேலை செய்யுது."

"மாத்திர?"

"இதுக்கு மாத்திரை கிடையாது. உங்களை மாதிரி பெரியவங்க ஞாயித்துக்கிழமைல ஒரு கூட்டம் போடுறாங்க. போய்ப் பாருங்க."

கூட்டம் என்றதுமே குமாரவேலுக்கு மாத்திரையே தேவலாம் போலிருந்தது.

* அந்தப் பெயரை இப்போது டாக்டர்கள் கைவிட்டு, ஆட்டிசம் என்பதோடு சேர்த்துவிட்டார்களாம். நாற்பது வருஷத்துக்கு மேல் காத்திருந்து ஒருத்தனுக்கு ஒரு பெயர் கிடைக்கிறது, அதுவும் காலாவதியாகி. குமாரவேலின் ராசி அப்படி.

5

கூட்டம் பிடிக்காதவர்களுக்கென்று ஒரு கூட்டம். அதற்கு இடம் பார்த்த புண்ணியவான், வண்ணாரப்பேட்டையில் துணிக்கடைத் தெருவில், அதுவும் ஞாயிற்றுக்கிழமையில், ஒரு மாடியைப் பிடித்திருந்தார். கீழே ஒரு ஸ்பீக்கர் நைட்டி விற்றுக் கத்திக்கொண்டிருந்தது.

சீக்கிரமே வந்துவிட்டோமே என்று கூசிக்கொண்டு படியேறிய குமாரவேலுக்கு முன்பாகவே மற்ற எல்லோரும் வந்திருந்தார்கள். ஆளுக்கொரு சுவரைப் பார்த்தபடி நின்றிருந்தார்கள். "சாப்ட்டாச்சா?" என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. இந்த இடம் தேறும் என்று அவனுக்குத் தோன்றியது.

உள்ளே டியூப் லைட்டை அணைத்துவிட்டு ஜன்னல் வெளிச்சத்தில், இருந்த நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். ராயபுரத்துக்கார டெபோரா, ரயில்வேயில் வேலை, முதலில் பேசினாள்.

"கோயில்ல எனுக்குக் கல்யாணம். முழு மனசோட சம்மதமானு ஃபாதர் கேட்டாரு. நானும் நல்லா யோசிச்சிப் பாத்துட்டு, 'முக்காவாசி ஃபாதர்'னு சொல்லிட்டேன். எங்கம்மா அங்கியே மயங்கி வுழுந்துட்ச்சி."

"அப்பால?"

"அப்பால இன்னா? அந்த முக்காவாசிய வெச்சிகினுதான் எங்க வூட்டுக்காரு இன்னிக்கும் குடும்பம் நடத்திகினுகீறாரு."

புளியந்தோப்பில் சைக்கிள் கடை வைத்திருக்கும் தமீம், புதுச்சட்டை எடுத்தால் முதல் வேலையாகக் கழுத்து லேபிளை பிளேடால் அறுத்துவிடுவேன், இல்லாவிட்டால் நாள் முழுக்க எறும்பு ஊர்கிறது என்றார். குமாரவேலின் கை தன்னையறியாமல் காலருக்குப் போயிற்று. சுற்றிப் பார்த்தான். எல்லோர் கையும் கழுத்தில்தான் இருந்தது. ஒருத்தர் சட்டையிலும் லேபிள் இல்லை. உலகத்தில் அந்தக் கிறுக்குத்தனம் தனக்கு மட்டும்தான் என்று அத்தனை வருஷம் நினைத்திருந்தான், பாவி.

பிறகு அவன் முறை வந்தது. பெட்டிக் கதையைச் சொன்னான். ஸ்குரு டிரைவர் கேட்ட இடத்தில் யாரும் "அடப்பாவி" என்று சொல்லவில்லை. தமீம் மட்டும், "ஃபேன் தட்டிச்சா, கம்ப்ரஸர் ஆடிச்சா நைனா?" என்றார்.

"அந்தச் சத்தத்த வெச்சிகினு எப்டி அழுவறது?" என்றாள் டெபோரா. "நானாயிருந்தா பொட்டியத் தூக்கித் தெருவுல வெச்சிருப்பேன்."

குமாரவேல் சிரிக்க ஆரம்பித்தான். நடுவில் எங்கேயோ அது அழுகையாகிவிட்டது. மாமனார் போய் மாதங்கள் ஆன பிறகு, கீழே நைட்டிக்காரன் கத்திக்கொண்டிருக்க, "மாமா பூட்டாரு, மாமா பூட்டாரு" என்று வாய்விட்டு அழுதான். யாரும் அவனைக் கட்டிப்பிடிக்கவில்லை. முதுகைத் தடவவில்லை. யாரோ ஒரு தண்ணீர் பாட்டிலைத் தரையோடு தரையாக அவன் பக்கம் தள்ளிவிட்டார்கள். அதுவே அவனுக்குப் போதுமாயிருந்தது.

(இதுவரை படித்த என் நண்பர், "இங்கேயே முடிச்சிடுய்யா, பிரமாதம்!" என்றார். முடிக்கலாம். நாயகனுக்கு விடிவு கிடைத்தால் போதும், பெண்டாட்டி எண்ணூரில் கிடந்தால் என்ன என்று முடிக்கிற வழக்கம் நமக்குப் புதிதா என்ன! ஆனால் நர்மதா என்னை விடமாட்டாள்.)

6

அடுத்த நாளே அவன் எண்ணூருக்கு ரயில் ஏறினான். சொல்ல வேண்டியதை வழி நெடுக முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டே போனான். நர்மதா பின்கட்டில் இறால் உரித்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பெர்ஜர், டெபோரா, லேபிள், தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஒப்பித்தான். (பொன்ராஜ் கதவுக்குப் பின்னால் நின்று ஒட்டுக்கேட்டிருக்கிறான். இல்லாவிட்டால் எனக்கு எப்படித் தெரியும்?)

"எங்கப்பனுக்கு அழுதியா?" என்றாள்.

"ம்."

"யாராண்ட?"

"சைக்கிள் கட தமீம்னு ஒருத்தரு. அப்பால டெபோரா. மத்தவங்க பேரு தெர்ல."

நர்மதாவின் கை நின்றுவிட்டது. "இத்தினி வருசம் உன்னாண்ட குப்ப கொட்டனவ நானு. நீ பேரு தெரியாதவங்களாண்ட போயி அழுதுட்டு வந்துகீற. செரி, உனுக்கு உன்ன மாரி ஆளுங்க கெட்ச்சிட்டாங்க. எனுக்கு யாருயா கீறா? தொட்டா நவுந்துக்கிற. நான் அழுதா ஃபேனப் பாக்குற. இத்த நான் யாராண்ட போய்ச் சொல்ல? அம்மாவாண்ட சொன்னா, 'குடிக்கல, அடிக்கல, அப்பால இன்னாடி பேஜாரு உனுக்கு'ன்னுது."

ரயிலில் ஒப்பித்ததில் இதற்குப் பதில் இல்லை. அவளுக்கும் வலித்திருக்கிறது என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. அதை முகத்தில் காட்டத்தான் அவனுக்குத் தெரியவில்லை.

நர்மதா அடுத்த இறாலை எடுத்து உரித்தபடியே கேட்டாள்: "அந்தக் கூட்டத்துக்குப் பொண்டாட்டிங்க வருவாங்களா?"

வாசகரே, கவனியுங்கள். இவ்வளவு கதையும் நான் இழுத்து வந்தது இந்த ஒரு கேள்விக்காகத்தான். வேறெந்தப் புருஷனாக இருந்தாலும் "வா மே" என்று ஒரு வார்த்தையில் கதையை முடித்து என்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பான்.

குமாரவேல் அந்த மாடியை மனத்தில் கொண்டுவந்து, நன்றாக யோசித்து, உண்மையைச் சொன்னான்.

"நாற்காலி பத்தாது மே."

7

முடிவு, அ: நர்மதா சிரித்துவிடுகிறாள். "கீழ குந்திக்கிறேன்யா" என்று துணிகளை எடுத்துவைக்க—

மலர்க்காரர்களுக்குப் பிடிக்கும். அதனாலேயே சந்தேகமாக இருக்கிறது.

முடிவு, ஆ: இறால் சட்டி பறந்து வந்து—

அவள் எறிய மாட்டாள். இறால் விற்கிற விலைக்கு யார் எறிவார்கள்?

முடிவு, இ: குமாரவேல் அந்த நொடியில் திருந்தி, அவள் கண்ணை நேராகப் பார்த்து—

திருந்துவதற்கு அவன் ஒன்றும் திருடவில்லை.

உண்மையில் என்ன நடந்தது என்று பொன்ராஜைத்தான் கேட்க வேண்டும். கேட்டேன். அவன் வாயைத் திறப்பதற்குள் பஸ் வந்துவிட்டது, தொற்றிக்கொண்டு போய்விட்டான். ஆக, நர்மதா இன்னும் பின்கட்டில் உட்கார்ந்திருக்கிறாள், அவன் இன்னும் நின்றுகொண்டிருக்கிறான். அவளுக்காக அவனிடம் ஒரு வார்த்தை சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. நீங்கள் சொல்லுங்கள். வருகிறேன் என்றோ, வரமாட்டேன் என்றோ, உங்கள் வீட்டில் இருப்பவரிடம் சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்டதையோ, எதை வேண்டுமானாலும் சொல்லுங்கள். ஒன்றே ஒன்று: மனத்தில் ஒன்றை வைத்துக்கொண்டு வாயால் வேறொன்றைச் சொல்லிவிடாதீர்கள். அவன் அதை அப்படியே நம்பிவிடுவான்.