பல் வைத்தியர் மனைவியின் பச்சை உடுப்பு

பல் வைத்தியர் அறைக்குள் நுழைந்தால் அவர் மனைவி உடுத்தியிருக்கும் துணி, எந்த நிறமானாலும், பாசிப் பச்சையாகிவிடும். பொத்தான்கள் தாமாகவே கழுத்துவரை பூட்டிக்கொள்ளும். ஓவியம் வரைகிற அவள் தங்கை அவளைப் படமாகத் தீட்டிய வாரத்தில் இது தொடங்கியது. அக்கா உட்கார்ந்தது மஞ்சள் கவுனில். படத்திலோ கழுத்தை நெரிக்கும் பச்சை உடுப்பு. அதன் நீண்ட கைகள் அவளை நாற்காலியோடு சேர்த்துக் கட்டியிருந்தன. "மஞ்சள்தானேடி போட்டிருந்தேன்?" என்றாள். "நான் துணிய எங்கக்கா பாத்தேன்? உன் மூஞ்சியைத்தான் பாத்துட்டிருந்தேன்," என்றாள் தங்கை.

வைத்தியர் மெல்லப் பேசுகிறவர். வலி தெரியாமல் பல் பிடுங்குவார் என்று ஊரெல்லாம் நல்ல பேர். வீட்டிலும் குரலை உயர்த்தியதில்லை. கதவைத் தாழிட்டுவிட்டு இன்னும் மெல்லப் பேசுவார். அந்தக் குரலுக்கு அவள் வருடக்கணக்காக நடுங்கியது வெளியே தெரியாது. இப்போது அவர் கிளினிக்கின் முன்மேசைக்குப் பின்னால் வெள்ளைக் கோட்டோடு உட்கார்ந்திருப்பாள். உள்கதவைத் திறந்து அவர் வந்ததும் கோட்டு பச்சையாகும். வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் வலியை மறந்து வாய் பிளப்பார்கள். மட்டமான சாயம் என்றார் ஒருவர். பொறாமையின் நிறம் என்றார் இன்னொருவர். செழிப்பின் அடையாளம் என்று வைத்தியரே சிரித்துக்கொண்டு விளக்கினார். அப்போது மேல் பொத்தான் இன்னும் இறுகியது. அதற்குப் பிறகு யாரும் விளக்கம் சொல்லவில்லை. அவள் முகத்தைப் பார்த்தார்கள், பிறகு அவரை. சிலர் பல்வலியோடு வீட்டுக்கே திரும்பினார்கள்.

ஒரு சாயங்காலம் நோயாளிகள் போனபின் கிளினிக் கதவு தாழிடப்பட்டது. "என்னை ஏன் இப்படி அசிங்கப்படுத்தறே?" என்று அவர் மெல்லக் கேட்டார். கழுத்துப்பட்டை இறுகி அவளுக்கு மூச்சு அடைத்தது. அவள் தரையில் விழுந்து துடிக்க, அவர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். எப்படியோ கத்தரிக்கோலை எட்டிப் பிடித்துத் துணியை வெட்டிக் கிழித்தாள்; கிழிந்த கோட்டோடு தங்கை வீட்டுக்கு ஓடினாள்.

மறுநாள் அவர் அந்த வாசலில் நின்று, "வா, போகலாம்," என்றார். தங்கையிடம் இரவல் வாங்கி அவள் போட்டிருந்த சட்டையும் பச்சையாகிப் பொத்தான்கள் ஒவ்வொன்றாக மேலே ஏறின. தங்கை முன்னால் பாய்ந்தாள். அவளைப் பிடித்து நிறுத்தி, "எனக்குப் பயமாத்தான் இருக்கு. ஆனா வரமாட்டேன்," என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள் அக்கா. அக்கம்பக்கத்து ஜன்னல்கள் திறந்தன. அவர் போய்விட்டார்.

பயம் போகவில்லை, துணி மாறுவதும் நிற்கவில்லை. அவள் ஒரு மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். அவளுடைய சட்டை பச்சையாவதைக் கண்டால் அந்தத் தெருவில் செருப்பு தைக்கிறவர் ஊசியை வைத்துவிட்டு எழுவார்; ரொட்டிக்கடைக்காரி மாவுக் கையோடு வெளியே வருவாள். வைத்தியர் எந்தத் தெருமூலையில் நிற்கிறார் என்று பார்த்துவிட்டு, நிறம் வடியும்வரை அவள் பக்கத்தில் நின்று விலைவாசி பேசிக்கொண்டிருப்பார்கள்.